பாவடிக்கு ஒரு கூரை: ஒரு கட்டடக் கலை மாணவியின் ஐந்தாண்டுகள்

## பின்னணி

தமிழ்நாட்டில் உள்ள ஒரு கட்டடக் கலைக் கல்லூரியில் பதினான்கு ஆண்டுகளாக வடிவமைப்பு ஸ்டுடியோ நடத்திவருகிறேன். அங்கே படித்து முடித்த ஒரு மாணவியின் ஐந்தாண்டுகளை, அவருடைய ஒப்புதலோடு, இங்கே பதிவு செய்கிறேன். பெயரும் ஊரும் விடப்பட்டுள்ளன. அவர் முதல் மதிப்பெண் எடுத்தவர் அல்லர். பரிசு வாங்கியவரும் அல்லர். அவரைக் கையாண்டதில் நாங்கள் செய்த இரண்டு மூன்று தவறுகள் இன்னும் உறுத்துவதால் அவரைத் தேர்ந்துகொண்டேன்.

துறைக்கு வெளியே உள்ளவர்களுக்குச் சிறு விளக்கம். பி.ஆர்க். படிப்பு ஐந்து ஆண்டுகள், பத்துப் பருவங்கள். கட்டுமானம், கட்டமைப்பு, வரலாறு, தட்பவெப்பம் என்று பாடங்கள் பல இருந்தாலும் மாணவரின் பகலையும் இரவையும் விழுங்குவது ஸ்டுடியோதான். பருவத்துக்கு ஒரு கட்டடமாவது வடிவமைக்க வேண்டும். வரைபடங்களைச் சுவரில் மாட்டி, அட்டை மாதிரியை மேசையில் வைத்து, ஆசிரியர்களுக்கும் வெளியிலிருந்து வரும் கட்டடக் கலைஞர்களுக்கும் முன்னால் நின்று விளக்க வேண்டும். இதற்கு ஜூரி என்று பெயர். நீதிமன்றத்திலிருந்து வந்த சொல். மாணவர்களும் அதை அப்படியேதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

மாணவி சேலம் பக்கத்தில் ஒரு நெசவாளர் ஊரைச் சேர்ந்தவர். தாத்தா கைத்தறி நெய்தவர். தந்தை விசைத்தறிக் கூடத்தில் கூலிக்கு ஓட்டுபவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழிப் படிப்பு. கணக்கில் நல்ல மதிப்பெண். நாட்டா நுழைவுத் தேர்வில் வரைதல் பகுதி கைகொடுத்திருக்கிறது. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். இவை அனைத்தும் சேர்க்கைப் படிவத்தில் இருந்தன. நான் படித்தது நான்கு ஆண்டுகள் கழித்து.

## முதல் ஆண்டு: கை முந்திக்கொண்டது

முதல் ஆண்டில் அவர் கவனிக்கப்பட்டதற்குக் காரணம் அவருடைய கை. பென்சில் நிழலிடலில் வகுப்பில் அவருக்கு நிகர் இல்லை. இரண்டாம் பருவத்தில் பூங்காவுக்கு ஒரு நிழற்கூடம் வடிவமைக்கச் சொன்னோம். விரிந்த வாழை இலை போல ஒரு கூரை, அதைத் தாங்க ஒரே ஒரு தூண். படம் அழகாக இருந்தது. அந்த ஒற்றைத் தூண் அந்தக் கூரையை எப்படித் தாங்கும் என்று யாரும் கேட்கவில்லை. முதல் ஆண்டு மாணவரிடம் கட்டமைப்பைப் பற்றிக் கேட்டால் கற்பனை சுருங்கிவிடும் என்பது எங்கள் துறையில் நெடுங்காலமாக இருக்கும் நம்பிக்கை. "வடிவத்தில் துணிச்சல்" என்று மதிப்பீட்டுத் தாளில் எழுதினேன். வகுப்பில் இரண்டாவது உயர்ந்த மதிப்பெண் கொடுத்தோம்.

அப்போது கண்ணில் பட்டும் பொருட்படுத்தாத விஷயங்கள் இரண்டு. ஜூரியில் அவர் பேசியது நான்கே வாக்கியங்கள். நான்கும் ஆங்கிலம், நான்கும் மனப்பாடம். கேள்வி கேட்டால் தலையாட்டினார். அடக்கமான பெண் என்று எடுத்துக்கொண்டோம். இரண்டாவது, அவருடைய படங்களில் அளவுகள் இல்லை. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. படிக்கட்டு வரைந்திருந்தார்; படியின் உயரம் என்ன என்று கேட்டால் ஸ்கேலை வைத்து அளந்துதான் சொல்ல முடிந்தது.

## மூன்றாம் பருவம்: மழலையர் பள்ளி

இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் 60 குழந்தைகளுக்கான மழலையர் பள்ளி. முன்னோடிக் கட்டடம் ஒன்றைப் படித்துவிட்டு வடிவமைக்க வேண்டும் என்பது விதி. அவர் எடுத்துக்கொண்டது அகமதாபாத் சபர்மதி ஆசிரமத்தில் சார்லஸ் கொரியா வடிவமைத்த காந்தி நினைவு அருங்காட்சியகம். 1963இல் முடிந்த அந்தக் கட்டடம் ஆறு மீட்டர் சதுர அலகுகளால் ஆனது. செங்கல் தூண்கள், ஓட்டுக் கூரை, கண்ணாடியே இல்லாத மரச் சட்ட ஜன்னல்கள். சில அலகுகள் மூடியவை, சில திறந்தவை, ஒன்றில் நீர்நிலை. கட்டடக் கலை படிக்கும் எவரும் அதைக் கடக்காமல் போவதில்லை.

மாணவி அந்தச் சதுரங்களை அப்படியே எடுத்துவந்து பள்ளிக்கூடம் ஆக்கிவிட்டார். வகுப்பறை ஒரு சதுரம், கழிப்பறை நான்கு சதுரம் தள்ளி, நடுவில் திறந்தவெளி. மூன்று வயதுக் குழந்தை நவம்பர் மழையில் கழிப்பறைக்கு நனைந்துகொண்டு போக வேண்டும். ஜூரிக்கு வந்த மூத்த கட்டடக் கலைஞர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கூரைகள் சரிந்து வந்து சந்திக்கின்றன; அங்கே விழும் தண்ணீர் எங்கே போகும்?

அந்த அருங்காட்சியகத்தில் இதற்கு விடை இருக்கிறது. கூரைகளுக்கு இடையே ஓடும் கான்கிரீட் உத்தரங்கள் வாய்க்கால் வடிவில் வார்க்கப்பட்டவை. கூரையைத் தாங்குவதும் அவைதான், மழைநீரை எடுத்துச் செல்வதும் அவைதான். மாணவி கூரையை எடுத்துக்கொண்டார், வாய்க்காலை விட்டுவிட்டார். புகைப்படத்தில் கூரை தெரியும், வாய்க்கால் எளிதில் தெரியாது.

அவர் பதில் சொல்லவில்லை. அந்தப் பருவம் ஸ்டுடியோவில் தேர்ச்சி பெறவில்லை. முந்தைய பருவத்தில் எதைப் பாராட்டினோமோ அதையே இப்போது குற்றமாக்கிவிட்டோம் என்பது அன்று எங்களுக்கு உறைக்கவில்லை. அவருக்கு உறைத்திருக்கிறது. "போன தடவை கூரை நன்றாக இருக்கிறது என்றீர்கள், இந்தத் தடவை கூரையால்தான் தோற்றாய் என்கிறீர்கள். எது சரி, சார்?" என்று கேட்டார். ஜூரி முடிந்து, எல்லோரும் போன பிறகு, தமிழில்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மறுமுறை செய்ய ஆறு வாரம் கொடுத்தோம். அதற்குள் நான் எடுத்த முடிவுகள் மூன்று.

முதலாவது, தமிழில் விளக்கலாம். அந்தக் கேள்வியைக் கேட்டபோது அவர் பேசிய விதம்தான் காரணம். மறுநாள் மேசையருகே உட்கார வைத்து, மழைத் துளி கூரையில் விழுந்ததிலிருந்து தெருச் சாக்கடையில் சேரும்வரை சொல்லிக்கொண்டே வா என்றேன். இருபது நிமிடம் நிறுத்தாமல் சொன்னார். ஓடு, தாழ்வாரம், தொங்கலில் கட்டிய தகரத் தூம்பு, தொட்டி, வழிந்தால் எந்தப் பக்கம் போகும் என்பதுவரை. தன் ஊர் வீட்டைச் சொல்கிறார் என்று தெரிந்தது. பதில் தெரியாமல் இருந்தவர் அல்லர். கேள்வி அவரைச் சென்று சேரவில்லை.

இரண்டாவது, ஆறு வாரமும் முகப்புப் படம், வண்ணம், முப்பரிமாணக் காட்சி எதுவும் கிடையாது. வெட்டுப்படம் மட்டும். ஸ்டுடியோவில் செக்‌ஷன் என்றால்தான் எல்லோருக்கும் புரியும்: கட்டடத்தைக் கத்தியால் நெடுக அறுத்தால் உள்ளே தெரிவது. ஒன்றுக்கு இருபது அளவில், மனித உருவத்தோடு. நன்றாக வரையும் கை தன் அழகிலேயே ஒளிந்துகொள்கிறது என்பது என் கணிப்பு. அழகுக்கு இடமில்லாத படத்தைக் கேட்டேன். இதில் கொஞ்சம் கொடுமை உண்டு. அவருக்கு நம்பிக்கை தந்த ஒரே விஷயத்தைப் பறித்தேன். சக ஆசிரியர் ஒருவர் அப்போதே இதை எதிர்த்தார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது, ஐந்து மீட்டர் டேப் ஒன்றைக் கையில் கொடுத்து, தினமும் ஐந்து பொருள்களை அளந்து குறிப்பேட்டில் எழுதச் சொன்னேன். பஸ் படியின் உயரம், விடுதி ஜன்னல் அடிக்கட்டை, டீக்கடைப் பெஞ்சு, குழந்தை கை நீட்டினால் எட்டும் தாழ்ப்பாள். முதல் வாரம் பொருளும் எண்ணும் மட்டும் இருந்தன. மூன்றாம் வாரம் எண்ணுக்குப் பக்கத்தில் காரணம் எழுதத் தொடங்கியிருந்தார். "பெஞ்சு 40 செ.மீ. முன்னால் சாக்கடை இருப்பதால் காலைத் தூக்கி வைக்கிறார்கள், அதனால் தாழ்வாகத் தெரிகிறது." நான் கேட்காதது.

மறுமுறை மழலையர் பள்ளி ஒரே நீளக் கூரையின் கீழ் வந்தது. சுமாரான திட்டம். மழை எங்கே போகும் என்பது மட்டும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது. தேர்ச்சி பெற்றார்.

தமிழில் விளக்கும் அனுமதி சிக்கலையும் கொண்டுவந்தது. வேறு மாநிலத்திலிருந்து வந்த ஜூரி உறுப்பினருக்கு நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. நான் கூட்டிச் சொல்கிறேன் என்று இரண்டு மாணவர்கள் முறையிட்டார்கள். கூட்டிச் சொல்லவில்லை என்று என்னாலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அடுத்த பருவத்திலிருந்து மொழிபெயர்க்கும் வேலையைச் சக மாணவி ஒருவரிடம் விட்டோம்.

## செட்டிநாட்டில் ஒரு வாரம்

நான்காம் பருவத்தில் காரைக்குடிப் பக்கம் அளவாய்வுப் பயணம். தெருவிலிருந்து பின்தெரு வரை நீளும் ஒரு வீட்டைக் குழுவாக அளந்து வரைய வேண்டும். முகப்பு, வளவு எனப்படும் நடு முற்றப் பகுதி, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் வீடு. மற்றவர்கள் பர்மாத் தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடிக் கல்லையும் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது இவர் வளவின் தாழ்வாரத்தை எடுத்துக்கொண்டார். ஏணியில் ஏறி ஓட்டின் நுனியிலிருந்து தரைவரை தூக்குக்குண்டு விட்டு அளந்தார். மழைநீர் விழும் இடமும் முற்றத்துக் கல்லின் சரிவும் வெளியேறும் துளையும் ஒரே வெட்டுப்படத்தில் வந்தன. அந்தப் பயணத்தில் வந்த சிறந்த படம் அது. அலங்காரம் ஒன்றுகூட இல்லை.

வளவைச் சுற்றி உள்ள அறைகள் ஒவ்வொன்றும் திருமணமான ஒரு மகனின் குடும்பத்துக்கு உரியவை, ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி என்று வீட்டுக்காரர் விளக்கினார். "அப்படியானால் முற்றம் யாருடையது?" என்று மாணவி கேட்டார். "எல்லோருக்கும் பொது, அதனால்தான் சண்டை" என்றார் அந்தப் பெரியவர். குறிப்பேட்டில் இதுவும் ஏறியது.

## முற்றத்தில் மாட்டிக்கொண்ட ஓராண்டு

இத்தோடு கதை நேராகப் போயிருந்தால் எழுதும் அவசியமே இருந்திருக்காது. ஐந்தாம் பருவத்தில் ஆரம்பச் சுகாதார நிலையம், நடுவில் முற்றம். ஆறாம் பருவத்தில் மாடிக் குடியிருப்பு. நான்கு மாடியிலும் மாடிக்கு ஒரு முற்றம், மேல்மாடி முற்றத்து மழை கீழ்மாடி முற்றத்தில். 30 அடிக்கு 40 அடி மனையில் வீடு. அதிலும் முற்றம், அதனால் படுக்கையறையில் கட்டில் போட்டால் கதவு திறக்காது.

முதலில் இது எங்களுக்குப் பிடித்தது. ஜூரியில் முற்றம் என்றாலே முகங்கள் மலரும். மரபு, தட்பவெப்பம், சமூகம் என்று மூன்று சொற்களும் அதற்குள் அடங்கிவிடும். கொரியாவின் சதுரத்தை விட்டுவிட்டு முற்றத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், பிடித்துக்கொள்ளும் பழக்கம் போகவில்லை என்பதை ஆறாம் பருவ நடுவில்தான் கண்டேன். குறிப்பேட்டைக் கேட்டேன். நான்கு மாதமாக ஒரு வரிகூட இல்லை. ஏன் என்றேன். "அதுதான் கண்டுபிடித்துவிட்டேனே, சார்" என்றார்.

இந்த முறை தடை எதுவும் போடவில்லை. புதுச்சேரிப் பயணத்தில் கோல்கொண்டே விடுதியைப் பார்க்க அனுமதி கிடைத்தது. அந்தோனின் ரேமண்ட் வடிவமைத்து 1930களின் பிற்பகுதியில் கட்டத் தொடங்கிய ஆசிரம விடுதி. நீண்டு ஒடுங்கிய கட்டடம். வெளிச்சுவர் முழுவதும் திருப்பக்கூடிய கான்கிரீட் பலகைகள். கண்ணாடி ஜன்னல் கிடையாது. ஒரு பக்கம் நடைகூடம், மறுபக்கம் அறைகள், இடையில் காற்றை விடும் தேக்குக் கதவுகள். கூரைக்கு மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், நடுவே காற்று இடைவெளி. முற்றம் என்று ஒன்று இல்லாமலே உள்ளே குளிர்ச்சி. அங்கே அவர் அதிகம் பேசவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, "முற்றம் காற்றுக்காகவா, ஆட்களுக்காகவா என்று நான் பிரித்தே பார்க்கவில்லை" என்று மட்டும் சொன்னார். குறிப்பேடு மறுபடி தொடங்கியது. ஏழாம், எட்டாம் பருவங்கள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒழுங்கான, கொஞ்சம் சோர்வான திட்டங்கள்.

## பயிற்சிப் பருவம்

ஒன்பதாம் பருவம் முழுவதும் ஒரு சிறிய அலுவலகத்தில் பயிற்சி. பெரிய நிறுவனம் கிடைக்கவில்லை என்று வருந்தினார். சிறிய இடம் என்பதால் மூன்றாம் வாரமே கட்டுமான இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐப்பசி மழையில், புதிதாய்ப் பூசிய சுவரில் நீர்க்கறை இறங்கியது. சன்ஷேடின் அடிவிளிம்பில் நீர் சொட்டுவதற்கான பள்ளம் விடவில்லை. தண்ணீர் விளிம்பில் சொட்டாமல் அடிப்பகுதியைப் பற்றிக்கொண்டே சுவருக்கு வந்துவிட்டது. வரைபடத்தில் அந்தப் பள்ளம் இருந்தது. வரைந்தவர் அவரேதான். கொத்தனாரிடம் கேட்டதற்கு, "படத்தில் எறும்பு மாதிரி ஏதோ இருந்தது அம்மா, தூசி என்று நினைத்தேன்" என்றாராம். அதன் பிறகு முக்கியமான நுணுக்கங்களைத் தனித்தாளில் பெரிதாக வரைந்து கொத்தனாரிடம் நேரில் கொடுப்பதை வழக்கமாக்கிக்கொண்டார்.

## இறுதித் திட்டம்: அருங்காட்சியகத்திலிருந்து பாவடிக்கு

பத்தாம் பருவத்தின் ஆய்வுத் திட்டத்துக்கு அவர் கொண்டுவந்த தலைப்பு, கைத்தறி அருங்காட்சியகம். நெடுஞ்சாலை ஓரம் நான்கு ஏக்கர். தறி நாடாவின் வடிவில் கூரை. முதல் கட்ட ஜூரியில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. எனக்கு வாழை இலை ஞாபகம் வந்தது. அப்போதுதான் சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பார்த்தேன்.

ஊருக்குப் போய், இப்போதும் கைத்தறி நெய்பவர்களிடம் திட்டத்தைக் காட்டிவிட்டு வா என்றேன். நான்கு நாளில் திரும்பி வந்தார். அடுத்த வீட்டுப் பாட்டி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்கள் செத்த பிறகு பார்க்க வருகிறவர்களுக்கா கண்ணு இது? மழை நாளில் பாவு போட ஓர் இடம் இல்லை" என்றாராம். மாணவி கூட இன்னொன்றும் சொன்னார்: தன் வீட்டு முன்னறையில் தரை ஓரிடத்தில் மட்டும் வேறு நிறமாக இருக்கும், சின்ன வயதில் அங்கே பாண்டி ஆடியிருக்கிறேன், அது தாத்தாவின் தறிக்குழியை மூடிய இடம் என்று இந்த முறைதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன் என்று.

பாவு என்பது தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்கள்; பாவடி என்பது நெசவாளர் தெருக்களில் அந்தப் பாவை நீட்டும் திறந்தவெளி. பருத்திப் பாவை மூங்கில் கால்களில் நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தோய்த்து, இரு பக்கமும் ஆட்கள் நின்று நீவிக்கொண்டே போவார்கள். பாவாற்றுதல் என்று பெயர். விடியுமுன் தொடங்கி வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். வெயில் சுள்ளென்று விழுந்தால் நூல் முறுகி அறும். காற்று இல்லையென்றால் காயாமல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மழை விழுந்தால் கஞ்சி கரைந்து அன்றைய வேலை பாழ். தீபாவளி, பொங்கல் ஆர்டர்கள் வரும் மாதங்களும் மழை மாதங்களும் ஒன்றே. பாவடியில் மரங்கள் நிற்பது வெயிலை வடிகட்டத்தான். அவருடைய ஊர்ப் பாவடியின் பாதி சிமெண்டுச் சாலையாகிவிட்டது. பாவுக்குக் குறுக்கே இருசக்கர வண்டிகள் போகின்றன.

ஐந்தாம் வாரத்தில் தலைப்பை மாற்ற அனுமதித்தேன். துறைக்குள் எதிர்ப்பு இருந்தது. ஆய்வுத் திட்டம் என்றால் பெரிய, சிக்கலான கட்டடமாக இருக்க வேண்டும் என்பது எழுதாத விதி. வெறும் கொட்டகையில் ஐந்தாண்டுப் படிப்பைக் காட்ட முடியுமா என்றார்கள். நியாயமான கேள்விதான். இந்தக் கொட்டகை கேட்பதோ முரணானது: மழை வரக் கூடாது, காற்று வர வேண்டும், வெளிச்சம் வேண்டும், வெயில் கூடாது. அதைத் தீர்த்துக் காட்டினால் போதும் என்று வாதிட்டேன்.

அவர் ஆறு விடியற்காலைகள் பாவடியில் டேப்போடு நின்றார். நான்கு சேலைக்கான பாவு, கழிவு சேர்த்து 24 மீட்டர். இரு பாவு பக்கத்துப் பக்கத்தில், நடுவிலும் ஓரத்திலும் ஆள் நடக்க இடம். குறுக்கே 6 மீட்டர். தெரு வடமேற்கிலிருந்து தென்கிழக்காகப் போவது அதிர்ஷ்டம்: தென்மேற்குக் காற்றும் வடகிழக்குக் காற்றும் நீளப் பக்கத்தில்தான் மோதும். வடகிழக்கிலிருந்து சாரலும் வருவதால் அந்தப் பக்கம் தாழ்வாரத்தை 1.8 மீட்டருக்கு இறக்கினார். மறுபக்கம் 3 மீட்டருக்கு உயர்த்தினார். ஓட்டுக் கூரை, உச்சியில் காற்றுத் திறப்பு. தரையில் சிமெண்ட் வேண்டாம் என்று நெசவாளர்கள் சொன்னார்கள். கஞ்சி சிந்தினால் வழுக்கும், மண் என்றால் உறிஞ்சிக்கொள்ளும். நின்ற ஏழு மரங்களில் ஒன்றுகூடப் போகவில்லை. கூரை இரண்டு இடங்களில் விலகிப் போனது.

கல்லூரி மைதானத்தில் மூங்கிலும் தார்ப்பாயும் கொண்டு முழு அளவில் ஒரு துண்டு மட்டும் கட்டினார். மே மாதக் கோடை மழை ஒன்று வந்தது. தாழ்வாரத்தின் கீழ் மாவு தூவி, சாரல் எதுவரை நனைக்கிறது என்று கோடு போட்டார். அரை மீட்டர் உள்ளே வந்திருந்தது. வெட்டுப்படத்தைத் திருத்தப் பத்து நாள்தான் மிச்சம். திருத்தினார்; அதற்கு விலையாக மற்ற வரைபடங்கள் அரைகுறையாக நின்றன. நூல் சாயமிடும் இடமும் பாவுக் கிடங்கும் கோட்டுப்படங்களாகவே ஜூரிக்குப் போயின.

## விளைவு

வெளித் தேர்வாளர்கள் இருவர். ஒருவர் வெட்டுப்படத்தின் முன் நீண்ட நேரம் நின்றார். மற்றவர், திட்டம் முழுமை பெறவில்லை, எல்லை சிறிது என்று எழுதினார். இரண்டும் உண்மை. வகுப்பில் நடுத்தரத்துக்குச் சற்று மேலான மதிப்பெண். விளக்கத்தின் முதல் பாதியை அவரே ஆங்கிலத்தில் சொன்னார். பாவாற்றுதல் வந்ததும் தமிழுக்கு மாறினார், யாரும் தடுக்கவில்லை.

இப்போது கோயம்புத்தூரில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறார். பெரும்பாலும் கட்டுமான வரைபடங்கள். தன் பெயரில் ஒரு கட்டடமும் இன்னும் எழவில்லை.

பாவடிக்குக் கூரை வந்தது, அவர் வரைந்தது அல்ல. ஓராண்டு கழித்து ஊர்க்காரர்கள் பணம் திரட்டித் தகரக் கூரை போட்டார்கள். ஓட்டுக்கும் மரச்சட்டத்துக்கும் காசு பற்றவில்லை. இவருடைய படத்தின் நகலை வாங்கி வைத்திருந்தவர்கள் 24 மீட்டர் நீளத்தையும் மண் தரையையும் எடுத்துக்கொண்டார்கள். தாழ்வாரம் இரு பக்கமும் ஒரே உயரம், உச்சித் திறப்பு இல்லை. மழை நாளில் பாவு நனைவதில்லை, காய்வதற்கு நேரம் பிடிக்கிறது. விடுமுறையில் போய் அதையும் அளந்து, உச்சியில் எந்தத் தகரத்தைத் தூக்கினால் போதும் என்று ஒரு படம் எனக்கு அனுப்பியிருந்தார். ஊரில் காட்டியாயிற்று, அடுத்த மழைக்கு முன் பார்க்கலாம் என்கிறார்களாம்.

## மாற்ற வேண்டியவை

முதல் ஆண்டில் அந்த ஒற்றைத் தூணைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் கற்பனை சுருங்கும் என்பதை இந்த நிகழ்வுக்குப் பின் நான் நம்பவில்லை. இவருக்குச் சுருங்கியது, பாராட்டிவிட்டுப் பின்னால் தண்டித்தபோதுதான். இப்போது முதல் ஆண்டு நிழற்கூடத்தை மூங்கிலிலும் கயிற்றிலும் ஓர் ஆள் நிற்கும் அளவுக்குக் கட்டிக் காட்டச் சொல்கிறோம். பாதி சாய்ந்துவிடுகிறது.

மொழியைப் பொறுத்தவரை, மேசையருகே பேசுவது எந்த மொழியிலும் இருக்கலாம் என்பதை எழுத்தில் கொண்டுவந்தோம். ஜூரிக்கு அந்த விதி இன்னும் வரவில்லை. வேலை உலகம் ஆங்கிலம் கேட்கும் என்பது எதிர்வாதம். கொத்தனாரிடம் பேசுவதும் வேலை உலகம்தான் என்று நான் பதில் சொல்லிவருகிறேன்.

முகப்புப் படத்தைத் தடை செய்ததை மறுபடி அதே விதத்தில் செய்ய மாட்டேன். வெட்டுப்படத்தைக் கேட்பேன், வரையும் கையைக் கட்டிப்போட மாட்டேன். முற்றத்தில் அவர் ஓராண்டு மாட்டிக்கொண்டதற்கு அந்தத் தடை ஒரு காரணமாக இருக்கலாம். ஒன்றைப் பறித்துவிட்டு வேறெதையும் தராமல் விட்டதால், அங்கீகாரம் கிடைத்த அடுத்த பொருளை இறுகப் பிடித்துக்கொண்டார். குறிப்பேட்டையும் இடையில் கேட்காமல் விட்டது என் சோம்பல்.

தலைப்பு மாற்றத்துக்கு ஐந்தாம் வாரம் மிகவும் தாமதம். ஒன்பதாம் பருவப் பயிற்சியின்போதே ஊருக்கு அனுப்பியிருந்தால் உண்மையான அடைமழையைப் பாவடியில் பார்த்திருப்பார். மாவு தூவ ஒரு கோடை மழைக்காகக் காத்திருக்க வேண்டியிருக்காது. தகரத்தையும் காசையும் பற்றி அப்போதே பேச்சு வந்திருக்கும்.

சென்ற ஆண்டு, இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்குக் காட்ட அவருடைய படங்களைக் கேட்டேன். சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு: பாவடி வெட்டுப்படத்துக்குப் பக்கத்தில் வாழை இலையும் தோற்றுப்போன மழலையர் பள்ளியும் மாட்டப்பட வேண்டும். வாழை இலை துறை அலமாரியில் பத்திரமாக இருந்தது. மழலையர் பள்ளி இல்லை. தேர்ச்சி பெறாத தாள்களை நாங்கள் வைத்துக்கொள்வதில்லை.